டிஃப் லாக் விழுந்த வண்டி வளைவில் திரும்பாது

என் பெஞ்சில் இனி உட்காரப் போகிற உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன்.

ஓய்வு பெறும் வயது எனக்கு இன்னும் ஆகவில்லை. கணவருக்குக் கன்னிவாடிப் பக்கம் வேலை மாறிவிட்டது, மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், மலையை விட்டு இறங்குகிறோம். அவ்வளவுதான். போகிறவள் ஏதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று பட்டறையில் கேட்டார்கள். எந்த வயர் எத்தனை தடிமன், ரிலேவை எங்கே பூட்டுவது என்பதெல்லாம் நீங்கள் படித்துவிட்டு வந்த விஷயங்கள். நான் எழுத நினைத்தது பூம்பாறை ஜீப் ஒன்றைப் பற்றி. இதை எழுதலாமா, எழுதினால் யாருக்காவது மனம் நோகுமா என்று பல தடவை யோசித்தேன். சம்பந்தப்பட்டவளையே கேட்டேன். "எழுதுங்கக்கா, பேரையும் போட்டே எழுதுங்க" என்று சிரித்தாள். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் உண்டு. ஸ்குரூவை முறுக்கியபின் வயரை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். பார்த்துவிட்டு நாலடி நடந்து, திரும்பி வந்து மறுபடி இழுப்பேன். வீட்டில் கேஸ் அடுப்பும் அப்படித்தான். மகள் பிறந்தபின் இது இன்னும் கூடியது. அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன், அதில் அவள் விழித்துக்கொள்வாள். அந்தோணி அண்ணன் என்னைச் 'சந்தேக மகாராணி' என்றுதான் கூப்பிடுவார். அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பின் அச்சின் நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியலைப் பிரித்து டிஃப் லாக்கை உள்ளே பொருத்துவது அவர், அந்த லாக்குக்குக் கரண்ட் கொண்டுபோவது நாம்.

சம்பவம் நடந்தபோது மகள் கைக்குழந்தை. பட்டறை ஆபீஸ் அறையின் உத்தரத்தில் சேலைத் தொட்டில் கட்டி, அவளை அதில் போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன்.

அந்த ஜீப் தண்டபாணியுடையது. பூம்பாறைக்காரர். காலையில் கேரட், பூண்டுக் காடுகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போவார், மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவார். மழைக்காலத்தில் காட்டுப் பாதை சேறாகிவிடும். ஒரு பின்சக்கரம் வழுக்கினால் அது மட்டும் வெறுமனே சுற்றும், மறுசக்கரம் சும்மா நிற்கும், வண்டி ஏறாது. லாக் போட்டால் இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றி ஏறிவிடும். அதற்காகத்தான் அவர் அதைப் பொருத்திக்கொண்டார். ஆனால் தார் ரோட்டுக்கு வந்ததும் லாக்கை விட்டுவிட வேண்டும். வளைவில் உள்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் சுற்றினால்தான் வண்டி திரும்பும். லாக் விழுந்திருந்தால் அது முடியாது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். மழை பெய்த ரோட்டில், இறக்கத்தில், இது என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் வண்டியில் நான் வைத்தது ஒரு அழுத்து பட்டன். ஒரு தடவை அழுத்தினால் லாக் விழும், மறுபடி அழுத்தினால் விடும். எந்த நிலையில் இருந்தாலும் பட்டன் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அதன் நடுவே கடுகு போல ஒரு சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தால் லாக் விழுந்திருக்கிறது, எரியாவிட்டால் இல்லை. அப்போது எல்லோரும் அப்படித்தான் வைத்தோம்.

சரஸ்வதி பூஜை முடிந்த மறுவாரம். நாள் முழுக்க மழை. சாயங்காலம் என் போன் அடித்தது.

"அக்கா, நான் பூம்பாறை தண்டபாணி சம்சாரம் செல்வி பேசுறேன். வண்டி திரும்ப மாட்டேங்குதுக்கா."

"எங்க நிக்கிறீங்க?"

"காட்டுலருந்து ஏறி ரோட்டுக்கு வந்துட்டோம். மொத வளைவுலயே இவரு ஸ்டியரிங்க ஒடிக்கிறாரு, அது நேரா போகுது. கட்டச்சொவத்துக்கு ஒரு மொழந்தான் இருக்கு. பிரேக்க மிதிச்சிட்டே ஒக்காந்துருக்காரு. கால எடுத்தா போயிரும்ங்கிறாரு."

செல்வி அந்த வருஷம்தான் கல்யாணமாகி வந்தவள். அன்றைக்கு அவளும் கேரட் பிடுங்கப் போயிருந்தாள். அவள் குரலுக்குப் பின்னால் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் என் மகள் விழித்துக்கொண்டு வீறிட்டாள்.

என் வாயில் முதலில் வந்த கேள்வி, "பட்டன்ல லைட் எரியுதா?"

செல்வி கேட்டுச் சொல்வதற்குள் தண்டபாணியே உள்ளிருந்து கத்தினார். "எரியல மேடம்! எரியவே இல்ல! நான் லாக்க எடுத்துட்டேன்!"

விளக்கு எரியவில்லை, லாக் விழுந்திருக்கிறது என்றால் கரண்டைத் திறந்து மூடுகிற ரிலே ஒட்டிக்கொண்டதா? வயர் எங்காவது உரசித் தொடுகிறதா? அந்த வண்டிக்கு வயர் இழுத்த வாரம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை, குழந்தைக்குச் சளி. எதைக் கவனிக்காமல் விட்டேன்? வயர் முனையை நசுக்கிப் பிடித்த கிரிம்ப்பை இழுத்துப் பார்த்தேனா? அடுத்த கேள்வியும் அதற்கடுத்த கேள்வியும் நாக்கில் வரிசையாக நின்றன. ரிலே சத்தம் கேட்கிறதா, எங்காவது புகை வாசனை வருகிறதா என்று.

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட அவர்களுக்கானது இல்லை. தப்பு என்னுடையதா இல்லையா என்று நான் தெரிந்துகொள்ளக் கேட்கும் கேள்விகள் அவை. பள்ளத்து ஓரக் கட்டைச்சுவருக்கு ஒரு முழம் தூரத்தில் ஒரு மனிதர் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கால் எவ்வளவு நேரம் தாங்கும்? நான் என் பயத்துக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். பயப்படுகிற புத்திக்கு இது தானாக வரும். உங்களுக்கும் வரும். வந்தால் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தோணி அண்ணன் உள்ளே வந்து தொட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பிள்ளய நான் பாத்துக்கிடுறேன், நீ பேசு."

"கையெல்லாம் கிரீஸுண்ணே!"

"முழங்கையாலதான் தூக்குறேன். நீ ஒன் சோலியப் பாரு."

அவர் உண்மையிலேயே இரண்டு முழங்கைக்கு நடுவில் குழந்தையை ஏந்திக்கொண்டு வெளியே போனார். ஆச்சரியத்தில் அவள் அழுகை நின்றுவிட்டது.

"செல்வி, வண்டிக்குள்ள யாரு யாரு இருக்கா?"

"நெறஞ்சு கெடக்குக்கா. மடிலயெல்லாம் ஒக்காந்துருக்காங்க."

"எல்லாரையும் எறக்கு. பின்பக்கமா. எறங்குனவங்க மலை ஓரமா போயி நிக்கணும், சொவத்துப் பக்கம் ஒருத்தரும் போகக்கூடாது."

அவள் கத்துவது கேட்டது. அதற்குப் பதிலாக ஒரு முரட்டுக் குரல், "ஏடி, ஏந் தூக்குச்சட்டி உள்ள கெடக்குடி!"

"தூக்குச்சட்டி கெடக்கட்டும் அத்தே, நீங்க எறங்குங்க வெரசா!"

அது பேச்சியம்மா, ஊருக்கே அத்தை. வேலைக்குப் போகும் பெண்களைக் கூட்டிச் சேர்ப்பவர் அவர்தான். எந்த வண்டியில் ஏறுவது என்று அவர் சொன்னால் சொன்னதுதான்.

"எல்லாரும் எறங்கிட்டாங்கக்கா."

"முன்சக்கரத்துக்கு முன்னால கல்லு வைக்கச் சொல்லு. ரெண்டு பக்கமும்."

"வைக்கிறாங்க. பேச்சியம்மா அத்த அம்மிக்கல்லு சைசுல ஒண்ண உருட்டிட்டு வருது."

"நல்லது. இப்போ ஹேண்ட் பிரேக்க இழுத்துட்டு, ரிவர்ஸ் கியர்ல விட்டு, சாவிய அணைக்கச் சொல்லு. அப்புறம் காலை மெதுவா எடுக்கட்டும்."

அந்த மெதுவாவுக்குள் நான் மூச்சு விடவில்லை.

"நிக்குதுக்கா. வண்டி நிக்குது." பிறகு, "சாவியப் போட்டா மறுபடி லாக் விழுமேன்னு கேக்குறாரு."

சரியான கேள்வி. லாக்கை எடுத்துவிட்டேன் என்கிறார் அவர். எடுக்கவில்லை என்கிறது வண்டி. விளக்கு அவர் பக்கம் சாட்சி சொல்கிறது. இதில் யார் சொல்வது சரி என்று போனில் தீர்க்க என்னால் முடியாது. தீர்க்கத் தேவையும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. பட்டன் தப்பாக இருந்தாலும் சரி, ரிலே தப்பாக இருந்தாலும் சரி, தண்டபாணி தப்பாக இருந்தாலும் சரி, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் லாக்குக்குக் கரண்ட் போகாது.

"செல்வி, பானட்டத் திறக்கச் சொல்லு. பேட்டரி பக்கத்துல மஞ்ச டேப் சுத்துன சின்ன டப்பா ஒண்ணு தொங்கும்."

"எல்லாம் சேறாக் கெடக்கு... இருக்கு, இருக்கு. மூடி வரலக்கா."

"நகத்தால நெம்பு."

"வந்துருச்சு. உள்ள நீலமா ஒண்ணு இருக்கு."

"அதப் புடுங்கு."

"கரண்டு அடிக்குமாக்கா?"

"அடிக்காது."

வாழ்நாளில் நான் இவ்வளவு உறுதியாக எதையும் சொன்னதில்லை. பன்னிரண்டு வோல்ட் அடிக்காது என்பது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் வேறு நாளாக இருந்தால் "அடிக்காதுன்னு நெனைக்கிறேன், எதுக்கும் பாத்து" என்று சொல்லியிருப்பேன். மழையில் நிற்கிற பெண்ணுக்கு அந்த 'எதுக்கும்' எவ்வளவு பெரிய பாரம்!

"புடுங்கிட்டேன். கையிலதான் வச்சிருக்கேன்."

இன்னும் ஒன்று பாக்கி. கரண்டை நிறுத்தினாலும், அச்சு முறுக்கிக்கொண்டு நிற்கும்போது லாக் உடனே விடாது. வண்டி கொஞ்சம் நகர வேண்டும். முன்னால் நகர இடமில்லை. பின்னால் ஏற்றத்தில் நேராக எடுக்கலாம். லாக் விட்டாலும் விடாவிட்டாலும் நேராகப் போவதற்கு ஒரு தடையும் இல்லை. அதனால் அந்த வழி எப்படிப் பார்த்தாலும் சரி.

"ஸ்டியரிங்க நேரா வச்சிக்கிட்டு ரிவர்ஸ்ல ரெண்டடி எடுக்கச் சொல்லு. கல்லு இருக்கட்டும், எடுக்க வேண்டாம். வண்டிக்குப் பின்னால ஒருத்தரும் நிக்கக்கூடாது."

இன்ஜின் சத்தம் கேட்டது. டயர் தேய்கிற சத்தம் கேட்டது. பிறகு செல்வி அலறினாள்.

"அக்கா! அடியில டக்குன்னு சத்தம்! ஒடஞ்சிருச்சா?"

"ஒடையல செல்வி. விட்டுருச்சு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதுவரை நின்றுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. பெண்கள் நடந்தே வளைவைக் கடந்தார்கள். தண்டபாணி காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு பின்னால் போனார். வெளியே அந்தோணி அண்ணனின் முழங்கைகளுக்கு நடுவில் மகள் தூங்கிப்போயிருந்தாள். கிரீஸ் அவள் குல்லாயில் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலை வண்டி பட்டறைக்கு வந்தது. தண்டபாணியும் செல்வியும், கூடவே பேச்சியம்மாவும். வண்டி சரி என்று தன் கண்முன்னே தெரியாவிட்டால் பெண்களை வேறு ஜீப்பில் ஏற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டார் அவர். தண்டபாணிக்கு அந்த ஓட்டம்தான் பிழைப்பு.

ரிலேவைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. வயரை வண்டியின் அடி முழுக்க விரலால் தடவிக்கொண்டே போனேன், எங்கும் உரசலில்லை. எந்த இணைப்பும் இழுத்தால் கழன்று வரவில்லை. தப்பு என்னுடையது இல்லை என்றால் நிம்மதி வர வேண்டும், வரவில்லை. காரணம் தெரியாத வண்டியை எப்படி அனுப்புவது?

ஃபியூஸை மாட்டிவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைப் போட்டேன். அடியில் 'டக்'. லாக் விழுந்துவிட்டது. விளக்கு எரியவில்லை. பல்பு போய்விட்டது என்று நினைத்துக் குனிந்தேன்.

பட்டன் நடுவில் சந்தனம். அதன்மேல் குங்குமம். காய்ந்து கெட்டியாகியிருந்தது. ஸ்டியரிங், கியர் ராடு, ஹாரன், வைப்பர் சுவிட்ச், ஒன்று விடாமல் பூஜைக்குப் பொட்டு வைத்திருந்தது. நகத்தால் ஒரு ஓரத்தைச் சுரண்டினேன். உள்ளே சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

எல்லாம் புரிந்தது. சேற்றில் தண்டபாணி பட்டனை அழுத்தியிருக்கிறார். விளக்கு தெரியவில்லை, விழவில்லை போல என்று மறுபடி அழுத்தியிருக்கிறார். வண்டி ஏறவில்லை, இன்னொரு தடவை அழுத்தியதும் ஏறியிருக்கிறது. ரோட்டுக்கு வந்ததும் விளக்கைப் பார்த்திருக்கிறார். எரியவில்லை. சரி, எடுத்தாயிற்று என்று கிளம்பிவிட்டார். பிறகு கேட்டபோது, "எத்தன தடவ அமுக்குனேன்னு எனக்கே தெரியல மேடம்" என்றார் பாவம்.

இதுவரைக்கும் பார்த்தது நான் மட்டும்தான். கட்டை விரலைப் பட்டன் மேல் வைத்து மூடிக்கொண்டேன். செல்வி வண்டிக் கதவருகே நின்றாள். புது வண்டிச் சாமானுக்குப் பயபக்தியாகப் பொட்டு வைத்த கை அவளுடையது என்று கேட்காமலே தெரிந்தது. அவளுக்குப் பின்னால் பேச்சியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பல்பு போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. யாருக்கும் எதுவும் தெரியாது. சொல்லலாமா என்று உண்மையிலேயே யோசித்தேன். ஆனால் அடுத்த வருஷமும் பூஜை வரும். இந்த வண்டியில் மட்டுமா, நாம் பட்டன் வைத்த எல்லா வண்டியிலும் பொட்டு வரும்.

விரலை எடுத்தேன். சொன்னேன்.

தண்டபாணி எட்டிப் பார்த்து, தலையில் கையை வைத்துக்கொண்டார். பேச்சியம்மாதான் பேசினார்.

"பாத்தியா. வந்த வருஷமே வண்டிய கவுக்கப் பாத்தாளே. எல்லாம் வந்த கை அப்படி."

செல்வியின் முகம் சின்னதாகிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டே, "இனிமே நான் இந்த வண்டில கை வைக்கலக்கா" என்றாள்.

யாரிடமும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை எனக்கு. பேசினால் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். ஆனாலும் அன்று வாயில் வந்துவிட்டது.

"அத்தே, நேத்து மழையில பானட்டத் திறந்து ஃபியூசப் புடுங்குனது யாரு? அந்தக் கைதான். நீங்க தூக்குச்சட்டியத் தேடிக்கிட்டு இருந்தீங்க."

அந்தோணி அண்ணன் வாயைத் திறந்து சிரித்துவிட்டார். என் பெஞ்சிலிருந்து மல்ட்டி மீட்டரை எடுத்துவந்து பேச்சியம்மா முன்னால் நீட்டினார். மீட்டரின் கண்ணாடி மேலேயே சந்தனமும் குங்குமமும்.

"இது மகாராணி வச்ச பொட்டு. வெல்டிங் மிஷின்ல நான் வச்சது. நான் ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போற ஆளு. இந்த ஊர்ல எது சும்மா கெடக்கு சொல்லுங்க?"

பேச்சியம்மா மீட்டரைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். "அதுஞ் சரிதான்" என்றார். பிறகு, விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "தூக்குச்சட்டி எவர்சில்வர்டி" என்று முனகினார்.

பூஜை வருஷா வருஷம் வருகிறது. பொட்டு எங்கே வைப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதைத் தெரியாததுபோல ஒரு பேனலைச் செய்துவிட்டு, பொட்டு வைத்தவளைக் குறை சொல்வது நியாயமில்லை. நம் வேலையைப் புழங்குவது டிரைவர் மட்டுமில்லை. அந்த வண்டியைக் கழுவுகிறவர்கள், கும்பிடுகிறவர்கள், அதில் குழந்தையை மடியில் வைத்து உட்காருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பட்டனைத் தொடுகிறார்கள். அளவெடுக்கப் போகும்போது டிரைவரிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள்.

அன்றே விளக்கைப் பட்டனிலிருந்து பிரித்து, ஸ்டியரிங்குக்கு மேலே, ரோட்டைப் பார்க்கும் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன். லாக் விழுந்திருக்கும்வரை விட்டு விட்டுக் கத்துகிற பஸ்ஸர் ஒன்றும் சேர்த்தேன். பட்டனை எடுத்துவிட்டு, மேலே கீழே தள்ளுகிற சுவிட்ச் போட்டேன். கையை வைத்தாலே எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும். நம் பட்டறையில் இப்போது எல்லா வண்டிக்கும் அப்படித்தான். பஸ்ஸர் தொல்லையாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று சிலர் கேட்பார்கள். எடுக்காதீர்கள்.

வேலை முடிகிறவரை செல்வி வண்டிக்குப் பக்கத்திலேயே வரவில்லை. சாவியைக் கொடுக்கும்போது கூப்பிட்டேன். தயங்கி வந்தாள். பழைய பட்டன் இருந்த ஓட்டையை ஒரு வெற்று மூடி போட்டு அடைத்திருந்தேன். வட்டமான கறுப்பு மூடி. அவள் அதைத் தொடாமல் விரலை நீட்டிக் காட்டினாள்.

"இது எதுக்குக்கா? இதுக்கு வயரு எங்க போகுது?"

"எங்கயும் போகல செல்வி. இது நீ பொட்டு வைக்க."